தவக்காலத்தில் எறும்பு வரவில்லை

என் கணவரின் உடம்பை நூறாகப் பிரித்து, அதில் எத்தனை பங்கு போரில் கெட்டுப்போயிற்று என்று சொல்வதற்காகப் புதுச்சேரியில் மூன்று டாக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பிரெஞ்சு அரசாங்கம் தன் பழைய சிப்பாய்களுக்குச் செய்து வைத்திருந்த ஏற்பாடு அது. கை போனவனுக்கு நூற்றுக்கு இத்தனை, கண் போனவனுக்கு இத்தனை, மூச்சு வாங்குகிறவனுக்கு இத்தனை என்று அவர்களிடம் ஒரு தடிப் புத்தகமே இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு வருஷம் நான் அந்தப் புத்தகத்தோடு சண்டை போட்டேன். ஜெயித்தேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒளித்து வைத்துக் கதை சொல்லத் தெரியாது.

வில்லியனூரை ஒட்டிய எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கிராமத்தில் முதல் உலகப் போருக்குப் போய்த் திரும்பியவர்கள் இரண்டு பேர். ஊரில் அவர்களைச் ‘சொல்தா’ என்பார்கள். ஒருவர் என் கணவர். இன்னொருவர் அவருடைய அக்கா புருஷன். இருவரும் ஒரே நாளில் கப்பலேறியவர்கள். அக்கா புருஷன் வலது கையில் இரண்டு விரலைப் பிரான்சிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அதற்கு அவருக்கு நூற்றுக்கு இருபது போட்டிருந்தார்கள். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். குழம்பில் உப்பு குறைவு என்றால்கூட அண்ணன் அந்தக் கையைத்தான் நீட்டிச் சொல்வார்.

“உன் வூட்டுக்காரனுக்கு இன்னா கொறச்சல் தங்கச்சி? கையும் காலும் ஆண்டவர் குடுத்த மேனிக்கு அப்பிடியே இருக்குது. என்னப் பாரு. எண்ணிப் பாத்தா எட்டுதான் வரும்” என்பார்.

வெளியில் தெரியாத நோய்க்கு ஊரில் மரியாதை கிடையாது. என் கணவருக்கு இருந்தது நீரிழிவும் ரத்தக் கொதிப்பும். பிரான்சின் தெற்கே ஒரு ராணுவ ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடந்தபோது அவருடைய சிறுநீரில் சர்க்கரை இருப்பதைக் கண்டுபிடித்து, சிப்பாய்ப் புத்தகத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரியைப் பற்றிக் கல்யாணத்துக்கு முன் எங்களுக்கு யாரும் மூச்சு விடவில்லை. கரிக்கலாம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தபோது அவர் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்து, இன்னொரு செம்பு கேட்டு, அதையும் குடித்தார். மாப்பிள்ளைக்கு வெட்கத்தில் தொண்டை காய்ந்துவிட்டது என்று என் அம்மா பூரித்துப் போனாள். கல்யாணமான முதல் மாதமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கொல்லை வேலியோரம் அவர் ஒண்ணுக்குப் போன இடத்தில் எறும்பு வரிசை கட்டி நிற்கும். பக்கத்து இந்து வீடுகளில் எறும்புக்கென்று அரிசி மாவில் கோலம் போடுவார்கள். எங்கள் வீட்டு எறும்புகளுக்கு அது தேவைப்படவில்லை.

பத்துப் பன்னிரண்டு வருஷம் இப்படியே ஓடியது. அப்புறம் கரும்பு வெட்டிய கொல்லையில் நடக்கும்போது இடது காலின் சுண்டு விரலருகே ஒரு கரும்புக்கட்டை கிழித்துவிட்டது. வேறு ஒருவருக்கு ஒரு வாரத்தில் ஆறியிருக்கும். இவருக்கு நான்கு மாதமாகியும் ஆறவில்லை. தலைசுற்றல் வேறு. வில்லியனூர் மருந்தகத்துக் கம்பவுண்டர் தினமும் கழுவிக் கட்டிப் பார்த்துவிட்டு, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்து ரத்தக் கொதிப்பு என்றார்கள். நீலத் தண்ணீரில் சிறுநீரை விட்டுக் காய்ச்சினார்கள். அது செங்கல் நிறமாக மாறியது. சர்க்கரை நிறைய இருக்கிறது என்று அர்த்தமாம்.

“இதற்கு ஊசி வந்திருக்கிறது. கப்பலில்தான் வரும்” என்றார் அந்த ஆஸ்பத்திரி டாக்டர். “போரில் வந்த நோய் என்று மூன்று டாக்டர் குழு பங்கு போட்டுக் கொடுத்துவிட்டால், ஆயுசு முழுக்க அரசாங்கமே ஊசி கொடுக்கும். இல்லையென்றால் நீங்களே வாங்க வேண்டும்.”

விலையைச் சொன்னார். எங்களிடம் இருந்த நிலம் ஒரு வருஷ ஊசிக்குக்கூடக் காணாது. ஊசி போடாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் முழங்காலுக்குக் கீழே ஒரு விரலால் கோடு போட்டுக் காட்டினார். அன்றிலிருந்து எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. குழுவின் காகிதம் வந்தால் அவருக்குக் கால் இருக்கும். வராவிட்டால் போகும்.

சிப்பாய்ப் புத்தகத்தையும் வைத்து மனுப் போட்டோம். நேரில் வந்து உடம்பைக் காட்டும்படி கடிதம் வந்தது. அவர்கள் குறித்த நாள் தவக்காலத்தின் நடுவில் விழுந்தது. அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

இனி எங்கள் முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். என் கணவர் தவக்காலத்தைக் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டார். சாம்பல் புதனிலிருந்து நாற்பது நாளும் ஒரு வேளைச் சாப்பாடுதான், அதுவும் அரை வயிறு. இது போதாதென்று நான் வேறு சேர்ந்துகொண்டேன். பெரிய டாக்டர்கள் முன்னால் போய் நிற்கப் போகிறவர் பிச்சைக்காரர் மாதிரி வாடி வதங்கிப் போய் நிற்கக் கூடாதே! காலையில் ஆவாரம்பூக் கஷாயம், ஒரு வேளைச் சோற்றுக்குப் பாகற்காய், முருங்கைக் கீரை, உப்பு பாதி. மூன்று வாரத்தில் ஆள் தெளிந்துவிட்டார். தலைசுற்றல் நின்றது. புண்கூடக் கொஞ்சம் காய்ந்தது. அவர் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. உலகத்தில் டாக்டரிடம் காட்டப் போகும் முன் நோயைக் குறைத்துக்கொண்டு போனவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

அதிலும் அன்றைக்கு அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சிப்பாய்ப் புத்தகத்தின் மேல் சத்தியம் பண்ணிப் பேசப் போகிறேன், நற்கருணை வாங்குகிற மாதிரி வெறும் வயிற்றோடு சுத்தமாகப் போக வேண்டும் என்றார். மாட்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி அவரைப் படுக்க வைத்தேன். பட்டணம் போகும்வரை நன்றாகத் தூங்கினார்.

குழு இருந்த அறைக்குள் அவர் மட்டும்தான் போனார். அரை மணி கழித்து ஒரு காகிதத்தோடு வெளியே வந்து என்னிடம் நீட்டினார். கன்னியர் மடத்தில் தையல் கற்ற காலத்தில் நான் பிரெஞ்சும் கற்றிருந்தேன். சர்க்கரை இல்லை. ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. கால் புண் விவசாய வேலையில் வந்தது. பங்கு: சைபர். கீழே ஓரத்தில், பேனாவால் தனியாக ஒரு வார்த்தை எழுதியிருந்தது. மடத்தில் வயிற்றுவலி என்று பொய் சொல்லிப் பூசைக்கு வராமல் படுத்துக்கொள்ளும் பெண்களை எங்கள் கன்னியர் அந்த வார்த்தையால்தான் திட்டுவார்கள். நோயாளி மாதிரி நடிப்பவன் என்று அர்த்தம்.

“இன்னா போட்டிருக்குது?” என்று கேட்டார்.

மறைத்திருக்கலாம். என்னால் முடியவில்லை. சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் மாதா படத்துக்குப் பக்கத்தில் தொங்கிய போர்ப் பதக்கத்தைக் கழற்றித் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். கோட்டையும் அதன்மேல் மடித்து வைத்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பொய் சொல்லத் தெரியாத மனிதரைப் பொய்யன் என்று எழுதிவிட்டார்களே என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

சேதி கேட்டு அண்ணன் வந்தார்.

“சைபரா? மச்சான், என்னாட்டம் ரெண்டு வெரல வெட்டிக்கினு போயிருந்தா கேக்காமயே குடுத்திருப்பானுங்க!”

“அண்ணே, மிச்சம் எட்டும் பத்திரமா இருக்கணும்னா இப்பவே எழுந்து போயிடுங்க” என்றேன். என் கையில் அரிவாள்மனை இருந்தது. அண்ணன் போய்விட்டார்.

உயிர்த்த ஞாயிறு வந்தது. நாற்பது நாள் விரதம் முடிந்த வீடு எப்படி இருக்கும்? ஆட்டுக்கறி, சோறு, வெல்லப் பாயசம், அதிரசம். அவரும் மனக்கஷ்டத்தை மறந்து நன்றாகச் சாப்பிட்டார். இரண்டு நாளில் பழைய தாகம் வந்துவிட்டது. தலைசுற்றல் வந்தது. புண் மறுபடி ஈரம் கட்டி, சுண்டு விரல் கறுக்கத் தொடங்கியது.

மூன்றாம் நாள் காலையில் சாம்பல் கொட்ட வேலியோரம் போனேன். எறும்பு வரிசை கட்டி நின்றது. கூடையைக் கவிழ்க்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். இந்த எறும்புகளை நான் பார்த்து எத்தனை நாளாயிற்று? தவக்காலம் முழுக்க ஒரு எறும்பும் வரவில்லை. தினமும் அதே இடத்தில்தான் சாம்பல் கொட்டியிருக்கிறேன். எனக்கு அது ஞாபகம் இருக்கிறது, ஆனால் அது என்ன சொல்கிறது என்று அதுவரை நான் யோசிக்கவில்லை.

கூடையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

“பட்டணத்து டாக்டரு உங்கள சாப்டீங்களான்னு கேட்டாரா?”

“கேட்டாரு.”

“இன்னா சொன்னீங்க?”

“ஆச்சுன்னேன்.”

“பச்சத் தண்ணி பல்லுல படாம போனவரு ஆச்சுன்னு சொன்னீங்களா?”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “பின்ன? நான் நோம்பு இருக்கறேன், நான் நோம்பு இருக்கறேன்னு தம்பட்டம் அடிக்கச் சொல்றியா? நோம்பு இருக்கறவன் மொகத்தக் கழுவிக்கினு சிரிச்ச மேனிக்கு இருக்கணும்னு சாமியாரு வருசா வருசம் சொல்றாரு. நீ கோயில்ல தூங்குவியா?”

நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். எங்கள் பக்கத்தில் சாப்பிட்டாயா என்று யார் கேட்டாலும் ஆச்சு என்பதுதான் பதில். மூன்று நாள் பட்டினி கிடப்பவனும் அதைத்தான் சொல்வான். அந்தக் கேள்விக்கு உண்மை சொல்வது மரியாதை இல்லை. அதிலும் இவர் விரதக்காரர். விரதத்தை மறைப்பது அவருக்குப் பக்தி. டாக்டர் என்ன செய்வார்? சாப்பிட்டு வந்த மனிதன் என்று நம்பிச் சோதித்தார், சர்க்கரை இல்லை, நடிக்கிறான் என்று எழுதிவிட்டார். என் கணவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய்க்காக அவருடைய உண்மை எல்லாம் பொய்யாகிவிட்டது.

அன்றைக்கே வில்லியனூர் கம்பவுண்டரிடம் போனோம். மூக்குக் கண்ணாடியை நூலால் காதில் கட்டிக்கொண்டிருப்பார். நல்ல மனிதர், ஆனால் புதிதாக எதையும் செய்யப் பயப்படுவார். மறுநாள் வெறும் வயிற்றோடு இவரை அழைத்து வருகிறேன், ஒரு தடவை சோதியுங்கள், பிறகு இங்கேயே சோறு போடுகிறேன், ஒன்றரை மணி கழித்து இன்னொரு தடவை சோதியுங்கள் என்றேன்.

“இன்னாமா இது, மருந்தகமா, கல்யாணப் பந்தலா?” என்றார்.

ஆனாலும் செய்தார். மறுநாள் வெறும் வயிற்றில் எடுத்தது நீலத்திலிருந்து லேசாகப் பச்சைக்குப் போய் நின்றது. சோறு தின்ற பிறகு எடுத்தது செங்கல்லாகிவிட்டது. கம்பவுண்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு குழாயையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு அவராகவே இன்னும் மூன்று நாள் வரச் சொன்னார். ஒவ்வொரு நாளும் அதே மாதிரிதான் வந்தது. நடந்ததை நடந்தபடி பிரெஞ்சில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

குழுவுக்கு நானே கடிதம் எழுதினேன். நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். மடத்தில் கற்ற பிரெஞ்சில் எனக்கு அதிகம் வந்தது ஜெபம்தான், கெஞ்சுவதற்கு வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை. அதனாலேயே கருணை என்ற வார்த்தையை எழுதக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். ‘நீங்கள் சோதித்தது தவக்காலத்தை, என் கணவரை அல்ல. மறுபடி சோதியுங்கள்’ என்றுதான் முடித்தேன்.

பதில் வர ஆடி மாதம் ஆகிவிட்டது. அந்த மூன்று மாதம் எனக்கு நரகம். கஷாயமும் பாகற்காயும் கொடுத்தால் சர்க்கரை அடங்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அடங்கின உடம்போடு போனால் மறுபடி சைபர்தான், சைபருக்கு ஊசி கிடையாது. நாங்கள் எப்போதும் சாப்பிடுகிற சாப்பாட்டையே போட்டேன். விரல் மேலும் மேலும் கறுப்பதைத் தினமும் பார்த்தேன். இவருக்குக் கால் போனால் அதற்கு நான்தான் காரணம் என்ற பயம் என்னை விடவே இல்லை.

குறித்த நாள் வெள்ளிக்கிழமை.

“வெள்ளிக்கெழம கறி ஆவாது” என்றார் உடனே.

“உங்கள யாரு கறி துன்னச் சொன்னது? கறியில இல்ல விசயம், சோத்துல இருக்குது. மீனு ஆவுமில்ல?”

விடிந்ததும் பூசைக்குப் போய் நற்கருணை வாங்கிக்கொண்டு, வெறும் வயிற்றோடு வில்லியனூரில் ரயிலேறினார். என் கையில் ஒரு தூக்குப் போசி நிறையச் சோறும், கெளுத்தி மீன் குழம்பும். பட்டணத்து ஸ்டேஷனிலிருந்து நொண்டி நொண்டி நடந்து வந்தார். கோட்டுப் போட்டிருந்தார். பதக்கத்தை மட்டும் குத்திக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார்.

இந்தத் தடவை நானும் உள்ளே போனேன். வாசலில் நின்ற சேவகன் தடுத்தான். “இவருக்குக் கண்ணு மங்கல். நீ புடிச்சிக்கினு வர்றியா?” என்று கேட்டேன். ஒதுங்கிக்கொண்டான்.

நடுவில் உட்கார்ந்திருந்த டாக்டர்தான் அன்றைக்கு எழுதியவர். நரைத்த மீசை, சிவந்த முகம், ராணுவ உடுப்பு. என்னைப் பார்த்ததும், மனைவிகளுக்கு இங்கே இடமில்லை என்று பிரெஞ்சில் சொன்னார்.

“முசே, நீங்கள் எழுதிய வார்த்தையை நான் படித்தேன்” என்று பிரெஞ்சிலேயே சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் வாய் நடுங்கவில்லை, என் வாய் என்றைக்கு நடுங்கியது! கம்பவுண்டரின் காகிதத்தை மேசையில் வைத்தேன். மேலே என்ன சொல்வது என்று பிரெஞ்சில் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது, என் கணவர் என்னைத் தாண்டி முன்னால் போனார். குதிகாலைச் சேர்த்து விறைப்பாக நின்றார். முகாமில் பொறுக்கிய பிரெஞ்சில் அவர் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

“முசே, அன்றைக்கு நான் ஒரு பொய் சொன்னேன். சாப்பிட்டேன் என்று சொன்னேன். சாப்பிடவில்லை. அது தவக்காலம். மூன்று வாரமாக அரை வயிறு. அன்றைக்குத் தண்ணீர்கூட இல்லை. அதை வெளியில் சொல்லக் கூடாது. அந்த ஒரு பொய்தான். வேறு இல்லை.”

டாக்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “மூன்று வாரமாகவா?” என்று கேட்டார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, “எங்கள் ஊரில் என் அம்மாவும் இப்படித்தான். சாம்பல் புதன் வந்தால் வெண்ணெய்ச் சட்டியை ஒளித்து வைத்துவிடுவாள். டாக்டருக்கு முன்னால் அவளும் இதே பொய்யைச் சொல்லியிருப்பாள்” என்றார். சேவகனைக் கூப்பிட்டு குழாய் காய்ச்சும் விளக்கை ஏற்றச் சொன்னார்.

வெறும் வயிற்றில் ஒன்று எடுத்தார்கள். பிறகு வெராந்தாவில் துணியை விரித்து இவரை உட்கார வைத்துச் சோறு போட்டேன்.

“இது ஆபீசுமா, சத்திரம் இல்ல” என்று சேவகன் முணுமுணுத்தான்.

“உங்க முசே தேடறது இந்தச் சோத்துலதான் இருக்குது. தள்ளி நில்லுப்பா, கொழம்பு தெறிக்கும்.”

என் கணவர் தூக்குப் போசியைக் காலி பண்ணினார். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். நான் மூன்று ஜெபமாலை சொல்லி முடித்தேன்.

மறுபடி உள்ளே கூப்பிட்டார்கள். முதலில் எடுத்த குழாய் விளிம்பில் மட்டும் பச்சை கட்டி நின்றது. இரண்டாவதை விளக்கில் காட்டினார்கள். நீலம் பச்சையானது, பச்சை மஞ்சளானது, மஞ்சள் ஆரஞ்சானது, பிறகு வில்லியனூர்ச் சூளையில் எடுத்த செங்கல் மாதிரி ஆகிவிட்டது. மூன்று டாக்டர்களும் எழுந்து வந்து சுற்றி நின்று பார்த்தார்கள். என் கணவருடைய சிறுநீரைப் பார்த்து நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். அதற்கு எனக்கு இன்றும் வெட்கமில்லை.

கையில் பட்டையைச் சுற்றினார்கள். பெரிய டாக்டர் காற்றடித்துப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு தடவை அடித்தார். பிறகு மற்றவரைப் பார்க்கச் சொன்னார். அவர் மெதுவாகச் சீழ்க்கை அடித்தார். கால் கட்டை அவிழ்த்து விரலைப் பார்த்தபோது பெரிய டாக்டரின் முகம் மாறிவிட்டது. சிப்பாய்ப் புத்தகத்தை வாங்கி, ஆஸ்பத்திரியில் எழுதிய அந்த ஒரு வரியைத் தானே தேடி எடுத்து உரக்கப் படித்தார். தடிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். மூவரும் தலையைச் சேர்த்துப் பேசினார்கள். கடைசியில் பெரிய டாக்டர் சொன்னார்: “நூற்றுக்கு ஐம்பத்தைந்து. ஊசி இன்றைக்கே தொடங்கலாம்.”

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் என் கணவர் நகரவில்லை.

“முசே, அந்த வார்த்தை” என்றார்.

டாக்டருக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் தங்கள் காகிதக் கட்டிலிருந்து பழைய காகிதத்தின் பிரதியை உருவினார். ஓரத்தில் இருந்த வார்த்தையின்மேல் மையைத் தோய்த்துத் தடியாகக் கோடு போட்டார். ஒரு கோடு போதாதென்று இன்னொரு கோடும் போட்டு, பக்கத்தில் கையெழுத்திட்டு, எங்களுக்குத் தெரியும்படி திருப்பிக் காட்டினார். என் கணவர் சல்யூட் அடித்தார். டாக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நின்று, பதில் சல்யூட் அடித்தார். மற்ற இருவரும் எழுந்தார்கள். நான் அழுதேன். மறைத்துக்கொள்ளவெல்லாம் இல்லை, வாய்விட்டே அழுதேன்.

வெளியே வந்ததும் இவர் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தார். பதக்கம்! வீட்டிலிருந்து வரும்போதே கொண்டுவந்திருக்கிறார், என்னிடம்கூடச் சொல்லவில்லை. வெராந்தாவில் நின்று நான்தான் குத்திவிட்டேன்.

ஊரில் அண்ணனுக்குத்தான் கஷ்டமாகப் போய்விட்டது. காகிதத்தை வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார்.

“சக்கரைக்கு நாப்பது, கொதிப்புக்கு இருபத்தஞ்சுன்னு போட்டிருக்குதுன்னு நீயேதானே படிச்ச? அப்ப அறுவத்தஞ்சு ஆவுதே. அம்பத்தஞ்சுன்னு ஏமாத்திட்டானுங்க தங்கச்சி!”

“ஏமாத்தல அண்ணே. சக்கர நாப்பதத் துன்னுடுச்சி. மீதி அறுவதுதானே இருக்குது? அந்த அறுவதுலதான் நூத்துக்கு இருபத்தஞ்ச கொதிப்பு துன்னும். அது பதினஞ்சு. துன்ன எடத்தையே இன்னொரு தபா எப்பிடித் துன்றது?”

அண்ணன் விரலை விட்டு எண்ணிப் பார்த்தார். எட்டு விரல் போதவில்லை.

“அப்ப அம்பத்தஞ்சு அரசாங்கம் ஒத்துக்கிச்சி. மிச்சம் நாப்பத்தஞ்சு?”

“அது என்னோடது” என்றேன். என் கணவர் இருமினார். அக்காவும் அண்ணனும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஊசி வந்தது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் இருந்து, பிறகு தினமும் கம்பவுண்டரிடம் போட்டுக்கொண்டார். சுண்டு விரலை எடுக்கத்தான் வேண்டியிருந்தது. கால் தப்பியது. விரல் போன சேதி கேட்டு அண்ணன் ஆஸ்பத்திரிக்கே வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். “இப்பதான்டா மச்சான் நீ பாக்கறதுக்கு சொல்தாவாட்டம் இருக்குற” என்றார். அதற்கப்புறம் வில்லியனூர்க் கடைத்தெருவில் எங்கள் ஐம்பத்தைந்தைப் பற்றி எங்களைவிட அதிகம் பீற்றிக்கொண்டவர் அவர்தான்.

அடுத்த தவக்காலத்தில் இவர் விரதம் இருக்கக் கூடாது என்று டாக்டரும் சொன்னார், சாமியாரும் சொன்னார். ஊசி போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் ஆளே விழுந்துவிடுவாராம். மூன்று வேளையும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டார். அவர் பங்குக்கும் சேர்த்து நான் இருந்தேன். உயிர்த்த ஞாயிறு வந்தது. போன வருஷம் மாதிரியே கறி, சோறு, பாயசம். பாயசத்தை மட்டும் நான் அளந்து ஊற்றினேன்.

மூன்றாம் நாள் காலையில் சாம்பல் கூடையோடு வேலியோரம் போனேன். குனிந்து பார்த்தேன். இலைகளைத் தள்ளிப் பார்த்தேன். ஒரு எறும்புகூட இல்லை.

“இங்க வாங்க! ஓடி வாங்க!” என்று கத்தினேன்.

என்னவோ ஏதோ என்று பதறி, இரண்டு காலாலும் நிஜமாகவே ஓடி வந்தார். நான் தரையைக் காட்டினேன். அவர் கைகளை முழங்காலில் ஊன்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தார். நாற்பது நாள் அவருக்கும் சேர்த்து விரதம் இருந்ததில் நான் இளைத்திருந்தேன்.

“காலையில சாப்டியாடி?” என்று கேட்டார்.

“ஆச்சு” என்றேன்.

“பொய்” என்று சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார்.